சிம்மில் வைத்த ரேடியேட்டர்

நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் புது வீடாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் பிடிவாதமாக நின்று விக்டோரியா மகாராணி காலத்து வீடு ஒன்றை வாங்க வைத்தேன். கணவருக்கு அரை மனதுதான். எனக்கோ பார்த்த அன்றே தலைகால் புரியவில்லை. ஜன்னலைத் தூக்கிவிட்டால் அப்படியே நிற்கும். அதைத் தாங்கச் சுவருக்குள் கயிற்றில் இரும்பு எடை தொங்குகிறது. சமையலறையிலிருந்து மாடிக்குப் போகும் ஒரு பித்தளைக் குழாய். அதில் ஊதினால் மாடியில் விசில் அடிக்கும், பிறகு வாயை வைத்துப் பேசலாம். மகளைச் சாப்பிட அழைக்க இன்றுவரை அதுதான்.

பரணில் யாரோ விட்டுப்போன வீட்டுக் குறிப்புப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. அட்டை இல்லை. ஈரத் தேயிலையைக் கம்பளத்தில் தூவிப் பெருக்கினால் தூசி பறக்காது, இறுகிய டிராயருக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும் என்று பக்கம் பக்கமாக யோசனைகள். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கணவர் கேலி செய்தார்.

முதல் குளிர்காலத்தில் அவருடைய கேலியும் நின்றது. பேஸ்மென்ட்டில் பாய்லர் கொதித்து, ஆவி குழாய்களில் ஏறி ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்பு ரேடியேட்டரைச் சூடாக்கும். விடியற்காலையில் ஆவி ஏறத் தொடங்கியதும், சம்மட்டியால் குழாயை அடிப்பதுபோல வீடே அதிரும். மகள் போர்வையோடு எங்கள் அறைக்கு வந்து, "ஐ ஹேட் திஸ் ஹவுஸ்" என்றாள். ஹீட்டிங் கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி என்றார். ஒப்பந்தத்தில் சனிக்கிழமை கையெழுத்து. பூவேலை செய்த என் பதினோரு ரேடியேட்டர்களும் பழைய இரும்புக்குப் போய்விடும். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"சத்தம் போனா ஓகே. போகலைன்னா நான் சைன் பண்ணிடுவேன்," என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை. மதியம் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆவிச் சூட்டைப் பற்றி ஒரே ஒரு பக்கம். வால்வை முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு, நடுவில் விடாதே என்று இருந்தது. குளிர் தொடங்கியபோது அறையெல்லாம் கொதிக்கிறதென்று எல்லா வால்வையும் பாதி திருகி வைத்தவள் நான்தான். குக்கரை அடுப்பில் ஏற்றினால் கை தானாகச் சிம்முக்குப் போகுமே, அந்தப் பழக்கம். ஆனால் இங்கே ஆவி போகிற அதே குழாயில்தான் அது குளிர்ந்து மாறிய தண்ணீரும் திரும்ப வேண்டும். வால்வு பாதி மூடியிருந்தால் தண்ணீர் தேங்கிவிடும். பின்னால் வரும் ஆவி அதைத் தூக்கிக் குழாயில் அறையும்.

பதினோரு வால்வையும் முழுக்கத் திறந்தேன். இரண்டு ரேடியேட்டர்கள் வால்வுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. தண்ணீர் எப்படித் திரும்பும்? கட்டையால் நெம்பித் தூக்கி, கால்களுக்கு அடியில் கேரம் காய்களைக் கொடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை கணவர் ஹாலில் நின்று ஹீட் வரவில்லையா என்று கேட்டார். தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். நல்ல சூடு. மெல்லிய சீறல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர், "நீ திருகி வச்சத மட்டும் அந்தாளுகிட்ட சொல்லாத," என்றார்.

கான்ட்ராக்டர் பேப்பர்களோடு வந்தார். அறை அறையாகப் போய்க் காது வைத்துக் கேட்டார். எந்தக் கம்பெனி செய்தது என்றார். கணவர் என்னைக் காட்டினார். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு; அதற்காக நான் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. அன்றைக்குப் பட்டேன். கெடுத்தது யார், சரிசெய்தது யார் என்று கான்ட்ராக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டும் நான்தான். அவர் பேப்பர்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.