ரங்கூன் ஒரு நாள் தூரம்

கோவிலூர்ப் பக்கத்துச் சோணைமுத்து, செட்டியார் ஒருவரின் கடைக்குச் சமையல் வேலை பார்க்க ரங்கூன் போய், ஏழு வருஷம் அடுப்படியில் வெந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பியது கப்பலின் மேல்தட்டில். அவர் கடலைப் பார்த்ததைவிட வாந்தி எடுத்ததுதான் அதிகம். அதை ஊரில் எப்படிச் சொல்வது? வெறுங்கையோடு வந்த மனுஷருக்கு வாய் ஒன்றுதானே மிச்சம். முதலாளி ஒருமுறை கல்கத்தாவுக்கு ஏரோப்ளேனில் போனபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் மைதானம் வரை போயிருந்தார். அந்தப் பயணத்தைத் தன்னுடையதாக்கிக் காப்பிக்கடையில் அவிழ்த்துவிட்டார்.

"முதலாளி 'நீயும் ஏறுடா'ன்னாக. மேகமெல்லாம் காலுக்குக் கீழ கெடக்கு. விடியக்காலம் ரங்கூன்ல ஏறுனா மறுநா காலையில நம்ம ஊரு."

கல்கத்தாவிலிருந்து மதராஸுக்கு ரயிலிலேயே இரண்டு ராத்திரி ஆகும் என்பதைச் சௌகரியமாக விழுங்கிவிட்டார். கேட்டவர்களும் கணக்குப் பார்க்கவில்லை.

அவர் விட்டுவந்த வேலையில் இப்போது இருந்தவன் மருது, பக்கத்து வீட்டு மலையம்மாளின் ஒரே மகன். ஐப்பசி மழையில் மலையம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். அவள் மகள் நாகவல்லி சோணைமுத்துவைத் தேடி வந்தாள்.

"மாமா, அண்ணனுக்குத் தந்தி அடிக்கவா? ஆத்தா அது பேரையே சொல்லிக்கிட்டு இருக்கு. காய்ச்சலுக்கெல்லாம் கூப்பிட்டா முதலாளி கோவிச்சுக்குவாகளோன்னும் இருக்கு. ஒரு நா தூரம்தான, ரொம்ப முடியலைன்னா அடிச்சுக்கிறலாமா?"

கப்பலும் ரயிலுமாக ஒரு வாரம் ஆகும், இப்பவே அடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காப்பிக்கடை முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவர் காதில் அப்போதே கேட்டது.

"பொறுத்துப் பாரு தாயி," என்றார்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மறுநாள் சொல்லிவிடுவது என்று மலையம்மாள் வீட்டு வாசல் வரை போனவர், "கசாயம் குடிச்சாகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். அப்படியே பத்து நாள் ஓடியது. தாய்க்குப் பேச்சு நின்ற பிறகுதான் நாகவல்லி தந்தி அடித்தாள். மறுநாள் விடியும்போது மலையம்மாள் போய்விட்டாள். கடைசிவரை கண்ணை வாசலில்தான் வைத்திருந்தாளாம்.

பாடை கட்டியாகிவிட்டது. தூக்க வந்தவர்களை நாகவல்லி மறித்தாள்.

"நேத்தே தந்தி போயிருச்சு. பொழுதுக்குள்ள அண்ணன் வந்துரும், கொள்ளி வைக்கட்டும். என்ன மாமா, நீங்கதான சொன்னீக?"

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். சோணைமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைத் தூக்காமலே பேசினார்.

"வராது தாயி. ஒரு வாரம் ஆகும். நான் கப்பல்லதான் வந்தேன். ஏரோப்ளேனைத் தரையில நின்னு பாத்ததோட சரி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பத்து நாளைக்கு முன்னாடி உங்க வாசல்ல வந்து கேட்டேனே, மாமா," என்றாள் நாகவல்லி. "அன்னைக்கே அடிச்சிருந்தா ஆத்தா அண்ணனைப் பாத்திருக்கும்."

யாரோ "எடுங்கப்பா" என்றார்கள். பங்காளி மகன் ஒருவன் கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கினான். சோணைமுத்து தோள் கொடுக்கப் போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, நகர்ந்து இடம் விடவும் இல்லை.