உயிரோடு இருந்தவருக்குப் படையல்

பெண் பார்த்து, பிடித்துப்போய், சீர்வகையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் கண்ணுசாமி அந்தக் கேள்வியைக் கேட்டார். பெண்ணின் அப்பா அவர். திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய தோட்டம்.

"எல்லாஞ் சரிங்க. உங்க அப்பன் எங்க செத்தாருங்க? ஆரு எடுத்துப் போட்டாங்க?"

மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து, மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "அவரு போயி இருவது வருசம் ஆச்சுங்களே."

"நீங்க தலைமுழுகி இருவது வருசம். அது ஊருக்கே தெரியுமுங்க. நாங் கேக்கறது சாவை. வாழப்பாடிப் பக்கம் ஏதோ சேரியில செத்தாரு, அவங்களே தூக்கிப் பொதைச்சாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. அது நெசமா இருந்தா எங்க பங்காளிங்க ஒருத்தரும் பந்தியில உக்கார மாட்டாங்க. பொய்யின்னா உங்க குலசாமிக்கு மின்னால கற்பூரத்தை அணைச்சுச் சொல்லிப்போடுங்க. தை மாசமே முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

உள்ளே பலகாரத் தட்டோடு நின்ற ராமாயிக்கு எல்லாம் கேட்டது. நாச்சிமுத்துவின் மூத்த மகள். கட்டிக்கொடுத்த ஊர் பக்கத்திலேயே என்பதால், தம்பி மணியனின் கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து பிறந்த வீட்டிலேயே இருந்தாள். மணியன் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துவிட்டாள். இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள். அவன் நாமக்கல்லில் பத்தாவது முடித்தபோது மூன்றாம் வகுப்போடு நின்ற அக்கா, சந்தையில் அறிந்தவர் அறியாதவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நிற்பது அவள் உரிமை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க உட்காருகிற உரிமை. அதற்காகவே ஒரு புடவை எடுத்து, கட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாள்.

வந்தவர்கள் போனதும் அவளே சொன்னாள். "நாம்போயி விசாரிச்சுட்டு வாரேன். என்னன்னு தெரியாம சத்தியம் பண்ணப்படாது."

"செத்தவனைத் தோண்டாத சாமி," என்றார் நாச்சிமுத்து.

"தோண்டச் சொன்னது அவங்கதானுங்க."

அப்பாரு என்று அவள் கூப்பிட்ட தாத்தா ராசப்பனைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கூலி அளக்க ஒரு சின்ன வள்ளம், விற்கிறவனிடம் வாங்க ஒரு பெரிய வள்ளம் என்று இரண்டு படிகள் எல்லாத் தோட்டத்திலும் இருந்த காலம் அது. சேலத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்த ராசப்பன், தன் வீட்டுச் சின்ன வள்ளத்தைக் களத்தில் போட்டு உடைத்தார். பிறகு சேரியில் போய் உட்கார்ந்து, எல்லாத் தோட்டத்திலும் ஒரே வள்ளம் ஆகிற வரைக்கும் ஒருத்தரும் கதிரறுக்கப் போகக்கூடாது என்றார். அவர்கள் போட்ட சோற்றையும் சாப்பிட்டார். அந்த வருஷம் ஊர்ச் சோளம் முக்கால்வாசி காட்டிலேயே உதிர்ந்தது.

ஊர் கூடியது. குடும்பத்தை ஒதுக்கிவைக்காமல் இருக்க வேண்டுமானால் மகன் அவரைச் செத்தவராக வைத்துத் தலைமுழுக வேண்டும் என்று முடிவாயிற்று. மாசி அமாவாசையன்று கிணற்றடியில் நாச்சிமுத்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு குடத்தைப் போட்டு உடைத்தார். சிறுமியான ராமாயியின் தலையிலும் ஒரு குடம் ஊற்றினார்கள். வாய்க்கால் மேட்டில் நின்று ராசப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று அவள் கேட்டதற்கு முதுகில் ஓர் அறை விழுந்தது. மறுநாள் அவர் ஊரில் இல்லை. அதிலிருந்து மாசி அமாவாசைதோறும் அவருக்குப் படையல் போட்டார்கள். பெரியவளானதும் அதைச் சமைத்தவளும் ராமாயிதான்.

புருஷனின் கடலைக்காய் வண்டியில் சேலம் வரைக்கும் போனாள். அங்கிருந்து கரிப்புகை கக்கும் பஸ்ஸில் வாழப்பாடி. சந்தையில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு ஒத்துப்பார்க்காமல் அவள் எதையும் நம்பவில்லை. ராசப்பன் என்ற பெயர் யாருக்கும் தெரியவில்லை. மேற்கத்திக்காரர், உயரமானவர், கூலிக்காரருக்காகச் சண்டை போடுகிறவர் என்று அடையாளம் சொன்னபோது ஒரு தரகர் சிரித்தார்.

"வள்ளக்காரரைச் சொல்றியா? இங்க எல்லாம் மரக்கால்தாம்மா. அந்த ஆளு மட்டும் வாயத் தொறந்தா வள்ளம் வள்ளம்னு பேசுவாரு. பேரே அப்பிடி ஆயிடுச்சி. எங்க பண்ணைக்காரங்க ரெண்டு தடவ ஆள விட்டு அடிச்சாங்க. கை ஒண்ணு வெளங்காமப் போச்சி. அப்பவும் அடங்கல."

வெற்றிலை விற்ற ஒருத்தியும் அதையே சொன்ன பிறகுதான், அவர்கள் காட்டிய சேரிக்கு ராமாயி நடந்தாள். வேலிக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டாள். அதற்கு மேல் கால் வரவில்லை. உள்ளே சோளம் புடைத்துக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து பார்த்தாள். சின்னாயி என்று பெயர்.

"வள்ளக்காரர் பேத்தியா? மூக்கப் பாத்தாலே தெரியுது. நெழலுக்கு வாயேம்மா."

"இருக்கட்டுமுங்க."

"தண்ணி நானாக் குடுக்க மாட்டன். கேட்டாக் குடுப்பன். உங்க தாத்தன் வந்த அன்னிக்கே கேட்டாரு."

ராமாயி கேட்கவில்லை. சின்னாயியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முறத்தைத் தட்டினாள்.

"எட்டு வருசம் எங்களோட இருந்தாரு. ஊர் ஊராப் போயி கூலிக்காரங்களக் கூட்டுவாரு. அடிபட்டு வருவாரு. மஞ்சப் பத்து போடுவன். மாசி அமாவாச வந்தா மட்டும் ஒரே சிரிப்பு. 'சின்னாயி, இன்னைக்கு எங்க ஊட்ல எனக்குப் படையலு. கோழி அடிச்சிருப்பாங்க, பணியாரம் சுட்டிருப்பாங்க. செத்தவனுக்குக் கோழி, இருக்கறவனுக்கு உன்ற கூழு. ஊத்து'ம்பாரு. சிரிச்சிக்கினே குடிப்பாரு. அப்புறம் அன்னிக்குப் பூரா பேச மாட்டாரு."

ராமாயி வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பணியாரத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டது வரைக்கும் அவளுக்கு நினைவிருந்தது.

"எப்படிச் செத்தாருங்க?"

"பேதி வந்த வருசம். எங்க சனத்துல பாதி போச்சி. எல்லாருக்கும் கஞ்சி ஊத்திக்கினு கெடந்தவரு, கடைசியா அவரும் படுத்துட்டாரு. எங்க ஊட்டுக்காரரு உங்க ஊருக்கு நடந்தே வந்தாரு, தெரியுமா? உங்கப்பன் களத்துல நின்னாராம். 'எங்கப்பன் எட்டு வருசத்துக்கு மின்னாடியே செத்துட்டாரு, நீ வேற ஊடு மாறி வந்துட்ட'ன்னாராம். இவரு திரும்பி வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சி. மகன் வருவாருன்னு வெச்சிருந்தோம். தாங்கல. நாங்களே எடுத்தோம். நடக்க முடிஞ்ச சனம் எல்லாம் வந்திச்சி. பொம்பளைங்க கூட சுடுகாடு வரைக்கும் வந்தோம், எங்கள்ல அந்த வழக்கம் இல்ல."

அந்தச் சாவுக்கு அழுதவர்கள் இவர்கள்தான் என்று தெரிந்தும் ராமாயியால் வேலியைத் தாண்ட முடியவில்லை. கும்பிட்டுவிட்டு, நாக்கு வறள வறள பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

வீட்டில் மணியனை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அப்பா களத்தில் சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, அந்தாளு மூஞ்சியக்கூட நாம் பாத்ததில்ல. அவருக்காக நான் ஏன் மொட்டை மரமா நிக்கோணும்? வழியில செத்தாரு, ஆருக்கும் தெரியாதுன்னு சொல்லிப்போடு. நீ சொன்னா நம்புவாங்க."

"சரி சாமி. சொல்லிப்போடறேன்," என்றாள். மனதார அப்படித்தான் நினைத்திருந்தாள். அவனுக்காகக் கற்பூரத்தில் கை வேகட்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

குலசாமி கோயிலில் இரண்டு பக்கத்து ஆட்களும் கூடினார்கள். நாச்சிமுத்து முன்னே வந்தார். கண்ணுசாமி கையை நீட்டித் தடுத்தார். "நீங்க வேண்டாமுங்க மச்சான். தேடிப் போனது உங்க மகதானே. அந்தப் புள்ளையே அணைக்கட்டும்."

பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். ராமாயி உள்ளங்கையை விரித்து நெருப்புக்கு மேலே கொண்டுபோனாள்.

"நாஞ் சொல்றதைத் திருப்பிச் சொல்லும்மா," என்றார் கண்ணுசாமி. "எங்க அப்பாரு தெருவுல அனாதையாச் செத்தாரு."

சூடு தோலைத் தொட்டது. வழியில் செத்தார் என்று சொல்லத்தான் அவள் தயாராக வந்திருந்தாள். அனாதை என்ற சொல்லை அவள் எதிர்பார்க்கவில்லை.

"சொல்லும்மா. கேக்கறதுக்கு ஒரு நாதியில்லாமச் செத்தாரு."

"இல்லீங்க." அவள் கையை எடுத்துவிட்டாள். "எங்க அப்பாரு அனாதையாச் சாகலீங்க. ஒரு சேரியே அழுதுதுங்க. பொம்பளைங்க முதற்கொண்டு சுடுகாட்டுக்குப் போயிருக்கறாங்க. இந்த ஊர்ல ஆரு சாவுக்குங்க அப்படிக் கூட்டம் வந்துது? அனாதையின்னு மட்டும் என்ற வாயில வராதுங்க."

கற்பூரம் யாரும் அணைக்காமலே எரிந்து தீர்ந்தது. கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபம்கூட இல்லை அவர் குரலில். "நல்லதுங்க. கேட்டுட்டது நல்லதாப் போச்சு." அவர் வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டுப் போயின.

நாச்சிமுத்து கோயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மணியன் அக்காவின் எதிரே வந்து நின்றான்.

"அந்தக் கெழவனுக்கு ஊரே அழுதுதுன்னு சொல்லிட்டல்ல. பெருமை தீந்துதா உனக்கு?"

"சாமி..."

"என்னை அப்படிக் கூப்படாத. நீ உன்ற ஊட்டுக்குப் போ."

அடுத்த இரண்டு வருஷத்தில் மூன்று இடம் வந்து தட்டிப்போனது. கடைசியில் மேச்சேரிக்கும் அந்தப் பக்கம், இவர்கள் பேரே கேள்விப்படாத ஊரில் பெண் அமைந்தது. ராமாயியைப் பாக்கு வைத்து அழைக்க யாரும் வரவில்லை. அவள் புருஷனுக்கு மட்டும் சந்தையில் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். அவன் போகவில்லை.

முகூர்த்த நாளன்று விடியலில் ராமாயி எழுந்து, மாடுகளுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பொழுது ஏறி, இந்நேரம் சீர் முடிந்திருக்கும் என்று தோன்றுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். இணைச்சீருக்குச் சித்தப்பன் மகள் நின்றாளாம். புடவை முனையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு தடவை நழுவ விட்டாளாம். சொன்னவளிடம் ராமாயி கேட்டது ஒன்றுதான்.

"தம்பி இளைச்சிருந்தானா?"