கந்தப்பனின் சிவப்புத் துணி

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் கம்சலாவுக்கு ஒரு பழக்கம். எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் முதலில் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். அவள் கையாலேயே அதை அவிழ்க்கும்வரை வண்டிக்காரர்கூடச் சாவியைத் தொடக் கூடாது. முணுமுணுப்பவர்களிடம், "அவசரம்னா வேற கராஜுக்குப் போங்க" என்பாள். இதுவரை யாரும் போனதில்லை.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவள் அம்மாவைப் பெற்ற கந்தப்பன். ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின்காரராக இருந்தார். கொழுந்து அரைக்கும் ரோலர் ஒருநாள் ஒருவரின் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. கந்தப்பன் தன் சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்தார், துண்டு துண்டாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

"மிசினுக்குள்ள கை வைக்கிறவன் மொதல்ல சுவிச்சுல துணியக் கட்டணும். கட்டுனவன்தான் அவுக்கணும். தொரையா இருந்தாலும் சரி."

தோட்டத்து முதலாளியான வெள்ளைக்காரத் துரைக்குச் சுருக்கென்றது. ஆனால் கந்தப்பன் கை படாவிட்டால் அந்த எஞ்சின் இருமுமே தவிர ஓடாது. துரை பங்களாவுக்குத் திரும்பிப் போனார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. விமானப்படைக்கு மெக்கானிக் வேண்டும் என்றதும் கந்தப்பனும் அவர் கூட்டாளி பதுளை இத்ரூஸும் கிழக்குக் கரைத் தளம் ஒன்றுக்குப் போனார்கள். அங்கேயும் துணிதான். நாற்பத்து நான்காம் ஆண்டு கந்தப்பன் இறந்ததாகத் தந்தி வந்தது. எப்படி என்று அதில் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜப்பான்காரன் குண்டு என்றார்கள். வருஷம் ஏற ஏற அந்தக் குண்டும் பெருத்துக்கொண்டே போனது.

போன மாதம் தோட்டத்து வாசிகசாலைக்குக் கந்தப்பன் பெயரை வைக்க முடிவானது. சங்கச் செயலாளர் கிருஷ்ணராஜ் கல்வெட்டு வாசகத்தோடு கராஜுக்கு வந்தார். "ஜப்பானியர் குண்டுக்கு நெஞ்சைக் காட்டிய வீரர்" என்றிருந்தது. கம்சலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். தந்திக்குப் பிறகு இத்ரூஸ் பாட்டிக்கு எழுதியது; வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை.

"கொதி எண்ணெய் பட்டு என் கை வெந்தது. அண்ணன் தன் துணியை எடுத்து என் கையில் சுற்றினார். ஒரு நிமிஷ வேலைதான் என்று சொல்லி, வேறு துணி கட்டாமல் விமானத்தின் காற்றாடிப் பக்கம் போனார். துணி இல்லையே, ஆளில்லை என்று நம்பி உள்ளே இருந்தவர் எஞ்சினை முடுக்கிவிட்டார்."

கிருஷ்ணராஜ் கடிதத்தை மடித்தார். "அவரு போட்ட சட்டத்த அவரே மீறிச் செத்தாருன்னு கல்லுல வெட்டச் சொல்றியா? சனம் சிரிக்கும், தங்கச்சி."

"பொய்ய வெட்டுறதா இருந்தா தாத்தா பேரே வேணாம்ணே. தோட்டத்துச் சனத்தக் கூட்டுங்க, அவங்ககிட்ட நானே கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் வாசலில் தோட்டமே கூடியது. கம்சலா கடிதத்தைக் கடைசிவரை வாசித்தாள்.

"அப்ப அது அவரு தப்புத்தானே?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஆமா. அவரு தப்புத்தான்." பெயர் போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். "இந்த ஸ்டோர்ல இன்னைக்கும் துணி கட்டுறீங்கதானே? இங்க வேல செஞ்சவங்க, செய்றவங்க எல்லாம் ரெண்டு கையையும் தூக்குங்க."

எழுபது, எண்பது பேர் தூக்கினார்கள்.

"வெரல விரிங்க. அக்கம்பக்கம் பாருங்க. யாருக்காச்சும் ஒரு வெரல் கொறையுதா?"

எல்லாரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் குறையவில்லை. ரோலர் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்ற கிருஷ்ணராஜும் கைகளைத் தூக்கியிருந்தார். தன் பத்து விரல்களையும் அன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். கண் கலங்கியது.

"கல்லுல என்ன வெட்டணும்னு நீயே சொல்லு, தங்கச்சி" என்றார், கைகளை இறக்காமலே.

கம்சலா அதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: "கந்தப்பன், மெக்கானிக். ஒரே ஒரு நாள் துணி கட்டவில்லை. நீங்கள் கட்டுங்கள்."