டர்ரக்காவின் தட்டில் ஓர் ஊக்கு

"டக்... டக்... டர்ர்ர்ர்!" ஸ்கேன் அறை அக்கா வாயாலேயே மெஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே நிற்கும் குழந்தை சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "உள்ள இவ்வளவுதான் சத்தம். அது கத்தும், நீ அசையக் கூடாது. யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாத்துரலாமா?" மருத்துவமனை முழுக்க அவருக்கு டர்ரக்கா என்றுதான் பேர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவர் இல்லாதபோது.

அந்த மெஷின் ராட்சசக் காந்தம். குண்டூசிகூட உள்ளே போகக் கூடாது. ஹேர்பின், பெல்ட், தோடு எல்லாம் அவருடைய பிளாஸ்டிக் தட்டில் விழும். வெளியே வந்ததும் ஒன்று விடாமல் திரும்பிப் போகும். பக்கத்து அறையில் கணினியைப் பார்த்துக்கொள்பவன் நான். அவர் கையில் எதுவும் தொலைந்து பார்த்ததில்லை, பொறுமையைத் தவிர.

இப்போது ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இடது கைப் பிள்ளைகளுக்கும் வலது கைப் பிள்ளைகளுக்கும் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்று படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். அதற்காக நேற்று ஓர் அப்பா ஆறு வயது மகளோடு வந்தார். சிறுமியின் இடது சட்டைக் கையை விரல்களைத் தாண்டி இழுத்து, நுனியில் ஊக்கு குத்தி மூடியிருந்தார்கள். கை மூட்டையாகத் தொங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பதான் வலது கை பழகும்," என்றார் அப்பா. "எந்த ஒயர் மாறிப் போயிருக்குன்னு படத்துல தெரிஞ்சிரும்ல? சின்ன வயசுலயே சரி பண்ணிரலாம்."

"இது ரிப்பேர் கடை இல்ல சார்," என்றார் டர்ரக்கா. "எப்படி இருக்குன்னு பாக்கத்தான் படம். அவ மூளையோட அவளுக்கு ஒரு தகராறும் இல்ல. உங்களுக்குத்தான் தகராறு."

ஊக்கும் தலைக் கிளிப்பும் தட்டில் விழுந்தன. உள்ளே பயம் வந்தால் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து உண்டு. அதை நீட்டி, "எந்தக் கைல வேணும் கண்ணு?" என்றார். சிறுமி அப்பாவைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? கை உன்னோடது."

இடது கை நீண்டது. சத்தம் முடியும்வரை இம்மியும் அசையவில்லை, ஜெயித்தது அவள்தான்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அந்த ஊக்கு?"

"நம்மகிட்ட எதுவும் தொலையாது சார்." டர்ரக்கா ஊக்கை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே விரித்து, முறுக்கி, இனி மூடவே வழியில்லாத கோணல் கம்பியாக்கித் தட்டில் வைத்து நீட்டினார். "கிளிப் ஒண்ணு, ஊக்கு ஒண்ணு. சரியா இருக்கா பாத்துக்குங்க."