துக்க வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டி

என் வீட்டுக்காரர் போய் மூன்றாம் நாள். எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ரங்கூனில் க்யிம்யிண்டைங் பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கும் காதர் பாய் துக்கம் கேட்க வந்தார், கையில் ஐஸ் பெட்டியோடு.

நாட்டு நிலைமை கெட்டதிலிருந்து ரங்கூனில் வெளிநாட்டு மருந்து சரியாக வருவதில்லை. ஊரே இன்சுலினுக்கு அலைந்தபோதும் பாய் கடையில் எங்களுக்குத் தவறாமல் கிடைத்தது. பழைய வாடிக்கை, நமக்கென்று எடுத்து வைக்கிறார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, அண்ணனோட இன்சுலின் மிச்சம் இருக்கா? ஒரு பிள்ளைக்கு இன்னைக்கே வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "பதினாறு முடியாம சாவு வீட்லேருந்து ஒரு பொருள் வெளிய போகாது பாய். தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்க்கா. கரண்டு அடிக்கடி போயிடுது. பதினாறு வரைக்கும் மருந்து தாங்காது." தரையைப் பார்த்தபடியே சொன்னார். "அண்ணன் கடைசியா போட்டதெல்லாம் இப்படிச் சாவு வீட்லேருந்து வந்ததுதான். பர்மாக்காரங்க வீடு, நம்ம ஆளுங்க வீடு, போய்க் கேட்டேன். யாரும் நாள் பாக்கலக்கா."

எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பிரிக்காத இரண்டு குப்பிகள் இருந்தன. அவர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, குப்பிகளை என் கையாலேயே ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன்.

எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. எங்களுக்குக் கொடுத்தவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.