கேட்டில் கட்டிய வேப்பிலை

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் நர்ஸம்மாவின் ஸ்கூட்டியில், மருந்துப் பையோடு எப்போதும் ஒரு வேப்பிலைக் கொத்து தொங்கும். அவர் கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய செயின்.

என் மகளுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்தார். போகும்போது வாசல் கேட்டில் வேப்பிலையைக் கட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

“இது அம்மை இல்லையேங்க. படிச்ச நீங்களே இப்படிச் செய்யலாமா?”

“ஒட்டிக்கிற காய்ச்சல், யாரும் வராதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டிப் பாத்தேன் சார். அதைப் படிச்சுக்கிட்டே உள்ள வந்துடறாங்க. வேப்பிலையைப் பாத்தா வாசல்லயே நின்னுடறாங்க.”

“நானெல்லாம் நிக்க மாட்டேன்” என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கூட வேலிக்கு அப்பால் நின்றுதான் விசாரித்தார். தினமும் உள்ளே வந்து பார்த்தது நர்ஸம்மா ஒருவர்தான்.

மகளுக்குக் குணமானதும், தோப்பில் பறித்த நாலு தேங்காயோடு அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் வேப்பிலை. என் கால் தானாக நின்றுவிட்டது.

உள்ளே இருமல். பின்னாலேயே கரகரத்த குரல்: “நின்னுட்டீங்கல்ல சார்? தேங்காயை அங்கயே வச்சுட்டுப் போங்க!”

எந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.