தாய்லாந்துக் கடையில் எதிரே உட்கார்ந்தவர்

பேய், சாமியாட்டம், மந்திரித்த கயிறு இதெல்லாம் எனக்கு ஒத்தே வராது. பெங்களூரில் எங்கள் ஒக்கலிபுரத்தில் யாராவது கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தால் முதலில் கிண்டல் செய்கிறவன் நான்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் மனதுக்குள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

செல்போன் அப்போதுதான் எல்லோர் கைக்கும் வர ஆரம்பித்திருந்தது. நான் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இல்லாததால் தங்கை கலாவின் கல்யாணப் பேச்சுக்கு நான்தான் பெரியவன். மாப்பிள்ளை முரளிக்குக் கம்ப்யூட்டர் வேலை, அவன் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூர், வீட்டில் பாதித் தமிழ் பாதிக் கன்னடம். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் வேண்டாம், வெளியே எங்காவது சாப்பிட்டபடி பேசலாம் என்று முரளி சொன்னான். அவன்தான் தன் அப்பா அம்மாவோடு என்னையும் கலாவையும் காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனான்.

பேர்தான் தாய்லாந்து, உள்ளே நாலு மேஜை, பிளாஸ்டிக் விரிப்பு, நம்மூர் மெஸ் மாதிரிதான் இருந்தது. சமைப்பது ஒரு தாய்லாந்துப் பெண், பரிமாறுவது அவள் புருஷன். அவர் அல்சூர்த் தமிழர், அந்த நாட்டுக்கு ஓட்டல் வேலைக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு வந்தவராம். குழம்பில் சித்தரத்தைக் கஷாயம் மாதிரி ஒரு வாசனை. சுவரோரப் பலகையில் சிவப்பாகப் பொம்மை வீடு போல ஒன்று, அதன் முன்னால் ஊதுபத்தி, கலர் சோடா, ஒரு கிண்ணம் சோறு. அவர்கள் சாமி போலிருக்கிறது என்று நினைத்தேன், அதோடு மறந்தும் போனேன். என் கவலையெல்லாம் முள்கரண்டியைச் சரியாகப் பிடிக்க வேண்டுமே என்பதுதான்.

முரளியின் அப்பா எனக்கு நேர் எதிரே. அதிகம் பேசாத மனிதர். சாப்பாடு வந்து எல்லோரும் நாலு வாய் சாப்பிட்டிருப்போம், அவர் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எம் பொண்ணு காலையில வெக்கிற சோறு வெறச்சுப் போயிடுது தம்பி. தொட்டுக்க ஒரு மீன் துண்டுகூட இல்ல. ஊருக்கெல்லாம் சுடச்சுடப் போடறா."

முதல் சந்திப்பிலேயே வீட்டுக் குறையைச் சொல்கிறாரே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்படியா சார்" என்றேன்.

"நீயே சாப்பிட்டுப் பாரு, தெரியும்."

"சரி சார்" என்றேன். நம்பினால் நம்புங்கள், நாற்காலியை விட்டு எழுந்த ஞாபகமே எனக்கு இல்லை.

"அண்ணா! என்னண்ணா பண்றே!" என்று கலா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். பார்த்தால் நான் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கிறேன். கிண்ணம் என் கையில். வாய் நிறையச் சோறு, விரலெல்லாம் பருக்கை, மோவாயில் ஊதுபத்திச் சாம்பல். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சாமிக்கு வைத்ததைத் திருடித் தின்றவனாக, தங்கையின் சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால் நின்றேன். இப்போது சொல்லும்போதுகூடக் காது சுடுகிறது.

முரளியின் அம்மா கணவரிடம், "ஏன்ரீ இது, என்னங்க இது?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. எப்படியாவது சமாளிக்க வேண்டுமே என்று உளறினேன். "சார்தான் சொன்னாரும்மா. அவரு பொண்ணு வெக்கிற சோறு வெறச்சுப் போவுது, மீன்கூட இல்ல, சாப்பிட்டுப் பாருன்னு..."

"எங்களுக்கு ஏதுப்பா பொண்ணு? ரெண்டும் பசங்க" என்றார் அந்த அம்மா. முரளியின் அப்பா தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நான் ஒண்ணும் பேசலையே" என்றார்.

கடைக்காரரின் முகம் மாறிவிட்டது. உள்ளே ஓடி மனைவியிடம் அவள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். திட்டு விழப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மிச்சச் சோற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"செத்துப்போன அவங்கப்பா ஞாபகமா தினம் காலையில வெக்கிற சோறு சார் அது" என்றார் கடைக்காரர். நாங்கள் வெளியே வரும்போது அவள் ஆவி பறக்கும் சோற்றையும் ஒரு முழு மீனையும் அந்தப் பலகையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கலா பஸ் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் வலிப்பு நோய் இருக்கிறதோ என்று முரளியின் அம்மா கேட்டனுப்பினார். தங்கைக்காக நான் டாக்டரிடம் போய்த் தலையில் ஒயரெல்லாம் ஒட்டிப் படுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியும் அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. முரளியின் அப்பாதான், இந்தப் பெண்ணைத்தான் எடுக்கிறோம் என்று பிடிவாதமாக நின்று கல்யாணத்தை நடத்தி வைத்தார்.

ஏன் அப்படி நின்றார் என்று கல்யாணப் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, அன்னிக்கு நான் பேசலன்னு சொன்னேன்ல. கொரல் வரல, அது நெஜம். ஆனா வாய் அசைஞ்சுது. நிறுத்தப் பாத்தேன், முடியல. மென்னுட்டிருக்கேன்னு எல்லாரும் நெனச்சாங்க. வெக்கமாயிடுச்சு, சொல்லாம விட்டுட்டேன். உன்னத் தலைகுனிய வெச்சுட்டேன்."

குழாயை மூடாமல் நின்றேன்.

இப்போதும் கலா வீட்டுக்கு விருந்துக்குப் போனால் அவர் பந்தியில் எனக்கு எதிரேதான் உட்காருவார். சோறு போட்டதும் சாப்பிட மாட்டார், உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசையும். மாமா ஏதோ சுலோகம் சொல்கிறார் என்று கலா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் கோயில் வாசல் மிதிக்காத மனிதர். உதடு நிற்கிற வரைக்கும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.